பணி நிறைவும் பணியில் நிறைவும்

போன மாசியில் ஒரு மதிய நேரம். மதுரையில் சமூகப்பணி முதுகலை படிக்கும் பெண் ஒருத்தி வீடு தேடி வந்தாள். அங்கன்வாடியில் வேலை பார்த்தவர்களிடம் கேட்பதற்கென்று நான்கு பக்கப் படிவம் வைத்திருந்தாள். முதல் கேள்வி இது: ‘உங்கள் பணியில் உங்களுக்கு எந்த அளவு திருப்தி இருந்தது? 1 முதல் 5 வரை மதிப்பெண் தரவும்.’

“எந்த வருஷத்துக்குத் தாயி மார்க் போடணும்?” என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் 1983-இல் வேலைக்குச் சேர்ந்து 2021-இல் ஓய்வு பெற்றவள். இந்த 38 வருடமும் நான் செய்தது ஒரே வேலைதான்: பிள்ளையை எடை போடுவது, சாப்பாடு போடுவது, தாய்மாரோடு பேசுவது, அப்படிப் பேசுகிற பெண்களை மேற்பார்வையிடுவது. ஆனால் எங்களுக்கு மேலே இருந்த ஏற்பாடு நான்கு முறை மாறியது. திட்டத்தின் பெயர் மாறியது, பலகை மாறியது, பதிவேடு மாறியது. யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் மாறியது. ஒவ்வொரு முறையும் வேலை செய்கிறவளின் மனசு என்ன ஆனது என்று கேட்க யாரும் படிவம் கொண்டு வரவில்லை. இந்தப் பெண்தான் முதன்முதலில் கேட்டாள். அவளுக்கு அன்றைக்குச் சொன்னதையும், அவள் போன பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் முதலில் சேர்ந்தது கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், எங்கள் சொந்த ஊரில். அப்போது அங்கே அங்கன்வாடி என்ற பெயர் கிடையாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கியிருந்தது. அதை முதன்முதலில் சோதித்துப் பார்த்த ஒன்றியமே எங்கள் கொட்டாம்பட்டிதான். ஆள் எடுத்த விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மரியாதை வருகிறது. அந்த ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், ஏழை வீட்டுக்காரியாக இருந்தாலும் தன் பிள்ளையை நோஞ்சானாக விடாமல் வளர்த்தவளாக இருக்க வேண்டும் என்று பார்த்தார்கள். என்னைப் பார்க்க வந்த அம்மா என் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கேட்பதற்கு முன்னால் என் இடுப்பில் இருந்த மகனைத்தான் வாங்கிப் பார்த்தார்.

என் வேலையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆறு மாதத்திலிருந்து 36 மாதம் வரையுள்ள பிள்ளைகள் என் பொறுப்பு. மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் எடை போடுவேன். வேப்பமரக் கிளையில் தராசு தொங்கும். எடையை அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு சேர்ப்பேன். கோடு மேலே ஏறினால் தாயிடம் நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவேன். ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. பிள்ளை தேறிவிட்டால் உருண்டை நின்றுவிடும். எத்தனை பிள்ளைக்கு எடை போட்டோம், எத்தனை பேர் தேறினார்கள் என்பதை வெளியே பலகையில் எழுதி வைப்பேன். கூலி வேலைக்குப் போகிற பெண்கள்கூட நின்று, பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

1,500 பேருக்கு ஒரு பணியாளர். பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். இந்த இரண்டாவது எண்ணை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நான் சொல்லப்போவது முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பத்து மையம்தான் என்பதால் எங்கள் மேற்பார்வையாளர் அம்மா அடிக்கடி வருவார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மையத்துக்கு வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, “எந்த வீட்டுல சிக்கல்? வா, போவோம்” என்பார். ஒரு வீட்டில் பாட்டி ஒருத்தி பேரனை எடை போட விடவே மாட்டாள். “பிள்ளையைத் தராசில தொங்கவிட்டாக் கண்ணு பட்டுப்போகும்” என்பாள். நான் மூன்று மாதமாகக் கெஞ்சிப் பார்த்திருந்தேன். மேற்பார்வையாளர் அம்மா அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, பாட்டி கொடுத்த பனங்கிழங்கைத் தின்றபடி அவளுடைய கால்வலியைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். எடை என்ற சொல்லையே எடுக்கவில்லை. கிளம்பி வந்துவிட்டோம். அடுத்த மாதம் பாட்டியே பேரனைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். ஒரு பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது.

அந்தத் திட்டத்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக உலக வங்கியே மதிப்பிட்டது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்களுக்குக் கிடைத்த மதிப்பூதியம் மிகக் குறைவு. ஆனாலும் என் வேலை எது, என் வேலை இல்லாதது எது, இன்றைக்கு வேலை முடிந்ததா இல்லையா என்ற மூன்றும் எனக்குத் தெரிந்திருந்தன. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மனசு மையத்திலேயே தங்கிவிடாது. அந்தக் காலத்துக்கு மட்டும் மார்க் கேட்டால் ஐந்தே போடுவேன்.

முதல் மாற்றம் 1990-இல் வந்தது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் கிராமங்களில் நடந்துகொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, இரண்டு வயது தாண்டிய சிறு பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு உண்டு. அதற்குத் தனி மையம், தனி அமைப்பாளர், தனி ஆயா. எங்கள் ஊரில் அது கீழத்தெருவில் இருந்தது. என் மரத்தடி மேலத்தெரு. இரண்டு வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் இரண்டு திட்டத்திலும் வருவார்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு இடம், இரண்டு பதிவேடு. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்ததில் தவறே இல்லை. எங்கள் ஊட்டச்சத்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். என் தராசு கீழத்தெருக் கட்டடத்துக்குப் போனது.

அங்கே ஒரு சாவி இருந்தது.

அரிசி, பருப்பு, எண்ணெய் வைத்திருக்கும் அறையின் சாவி. அது அமைப்பாளர் அக்காவின் இடுப்பில் எட்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என்னுடைய உருண்டை டப்பாக்களும் எடை அட்டைகளும் இப்போது அந்த அறைக்குள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். என் தாய்மார்கள் களையெடுப்பு முடிந்து நாலு மணிக்கு மேல்தான் வருவார்கள். உருண்டை உள்ளே, நான் வெளியே. “நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்புவேன். நாளைக்கு அவர்களுக்கு வேறு ஊரில் நடவு இருக்கும்.

இரண்டு மாதம் நானும் அக்காவும் நேருக்கு நேர் பேசவில்லை. ஆயாம்மாதான் நடுவில் தூது. “அட்டையை எடுத்துக்கிறச் சொல்லு.” “எண்ணெய்ப் பக்கம் போக வேணாம்னு சொல்லு.” எனக்கு ஒரு அதிகாரி, அக்காவுக்கு இன்னொரு அதிகாரி. ரெண்டு பேரும் அவரவர் அதிகாரியிடம் குறை சொன்னோம். தாய்மார்களும் ரெண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மேலத்தெருப் பிள்ளைகள் எடைக்கு வருவது குறைந்தது. இரவில் படுத்தால் அழுகை வரும். வேலைப் பளு ஒன்றும் கூடவில்லை. உண்மையில் பாதி குறைந்திருந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் அம்மா ஒருநாள் வந்து ரெண்டு பேரையும் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார். யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்கவில்லை. “காலையில எந்திரிச்சதுலருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் உன் ஒருநாள் பொழுதைச் சொல்லு. இன்னொருத்தி குறுக்க பேசக்கூடாது” என்றார். நான் சொன்னேன். அடுத்து அக்கா தன் பொழுதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், சாப்பாடு போட்டு முடித்துப் பூட்டுகிற இடத்துக்கு வந்ததும் குரல் உடைந்து போனார். “எட்டு வருஷமா ஒரு பிடி அரிசி குறையாம வச்சிருக்கேன். குறைஞ்சா என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க. இப்ப ஒரே நாள்ல வந்து, இந்த அறை உனக்கு மட்டும் இல்லைங்கிறாங்க. என்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

அதுவரை அவருக்குத் திமிர் என்றுதான் நினைத்திருந்தேன். அது பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் மேலூரில் இன்னொரு சாவி செய்து வந்தோம். எடுக்கிற பொருளை எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நாற்பது பக்க நோட்டு. அவ்வளவுதான். அதன்பிறகு ஏழு வருடம் நானும் அக்காவும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீருக்கு அடுத்தபடி அக்காவின் தட்டுத்தான் வந்தது.

பணிச்சூழல் என்கிற சொல்லைக் கேட்டால் மின்விசிறி, நாற்காலி, கழிப்பறை என்று நினைப்பவர்கள் உண்டு. அவையும் வேண்டும், பல மையங்களில் அவையும் இல்லை. ஆனால் நான் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டது அந்தத் தாழ்வாரத்தில்தான். காலையில் வேலைக்குப் போகிறவள் அங்கே தனக்கு என்ன இடம் என்று தெரிந்து போகிறாளா என்பதே பணிச்சூழல். இரண்டு அலுவலகத்தை இணைப்பது தாளில் ஒரே நாளில் முடிந்துவிடும். சாவி யாரிடம் இருக்கும் என்று தாளில் எழுதியிருக்காது. அதைப் பேசி முடிக்க ஒரு ஆளும் ஒரு மதியப் பொழுதும் தேவை.

மற்ற வேலைகளுக்கும் எங்கள் வேலைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மில்லில் ஏற்பாடு மாறினால் தறி அழாது. எங்களிடம் வேலைக்கருவி என்று இருப்பது எங்கள் முகமும் வாயும்தான். மனசு உடைந்தவள் முகத்தைப் பார்த்து ஒரு இளந்தாய் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல மாட்டாள். கணவன் அடிக்கிறான், பால் சுரக்கவில்லை, ரெண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டுக் கட்டத்திலும் முதலில் வராது. முகம் பார்த்துச் சொல்கிற விஷயங்கள் அவை. அதனால்தான் சமூகநலத் துறையில் ஊழியரின் மனநிறைவை ஊழியருக்குச் செய்யும் சலுகையாகப் பார்க்கக் கூடாது என்கிறேன். அது நலிந்தால் முதலில் நலிவது பிள்ளையின் எடைதான். அந்த இரண்டு மாதத்து அட்டைகளில் அதை நானே பார்த்தேன்.

அடுத்த மாற்றம் 1990-களின் கடைசியில். உலக வங்கித் திட்டம் முடிந்து, எங்கள் மையங்கள் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்குள் வந்தன. நாடு முழுக்க 1975 அக்டோபர் 2-இல் 33 இடங்களில் தொடங்கி வளர்ந்த திட்டம் அது. அங்கன்வாடி என்ற பெயர் எங்கள் கட்டடத்துக்கு அப்போதுதான் வந்தது. இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, சத்துணவு மற்றும் சுகாதாரக் கல்வி என்று ஆறு சேவைகள். பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய், வளரிளம் பெண் என எல்லோரும் எங்கள் பொறுப்பு. இந்த ஆறில் எது வேண்டாதது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லாமே வேண்டியவைதான். ஆனால் எது முதலில் என்பது தெரியாமல் போயிற்று. ‘இன்றைக்கு வேலை முடிந்தது’ என்று சொல்லும் சாயங்காலம் அதன்பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

சில வருடம் கழித்துப் பதவி உயர்வு கிடைத்து நானே மேற்பார்வையாளரானேன், வேறு ஒன்றியத்தில். முதல் நாள் என் மனதில் இருந்தது பனங்கிழங்கு தின்ற அந்த அம்மாதான். அவரைப் போல இருக்க வேண்டும் என்று போனேன். எனக்குக் கொடுத்தது 25 மையம். பக்கத்துப் பிரிவு மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுப் போக, அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. ‘கூடுதல் பொறுப்பு’ என்று அதையும் என் தலையில் வைத்தார்கள். நாற்பது மையத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு மையத்துக்கு ஒருமுறை போய்விட்டு மறுமுறை போக இரண்டு மாதம் ஆகும். போனாலும் முதலில் இருப்புக் கணக்கு, அப்புறம் வருகைப் பதிவு, அப்புறம் ஒவ்வொரு பதிவேடாகக் கையெழுத்து. மையத்துப் பணியாளர் சொல்ல வந்ததைக் கேட்பதற்குள் அடுத்த பஸ் வந்துவிடும். பணியாளர் ஒருத்தி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “மேடம், நீங்க வந்தாலே வயித்தக் கலக்குது.” அவளைக் குறை சொல்லவே முடியாது. நான் அவளுக்குத் துணையாக இல்லாமல் சோதனை போடுகிறவளாக மாறியிருந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

பத்துக்கு ஒருவர் என்ற அந்த எண்ணை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. வகுப்பெடுக்க இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். எங்கள் பகுதி மையம் ஒன்றுக்கும் ஒரு ஆசிரியை வந்தார். பதினைந்து வருடம் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். தன்னைத் தாழ்த்திவிட்டார்கள் என்று அவருக்கு வருத்தம். இத்தனை வருடம் ‘டீச்சர்’ என்று ஊர் கூப்பிட்ட எங்கள் பணியாளருக்கு, ஒரே நாளில் தன்னை ‘ஆயா’ மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று வருத்தம். ஒரே அறை, ஒரே பிள்ளைகள், இரண்டு துறை. சம்பளத்தில் பல மடங்கு வித்தியாசம். வட்டாரக் கல்வி அலுவலர் வந்தால் ஒரு வருகைப் பதிவேடு, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் வந்தால் இன்னொன்று. பிள்ளை கீழே விழுந்து அடிபட்டால் தாய்க்கு யார் பதில் சொல்வது என்று ஒரு தாளிலும் இல்லை.

மீண்டும் அதே சாவிதான். இந்த முறை அவர்கள் இருவரையும் தாழ்வாரத்தில் உட்கார வைக்க ஒரு முழு மதியம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆசிரியை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நல்ல ஆசிரியை, பிள்ளைகளுக்கு அவர் சொல்லும் கதைகளைக் கேட்க நானே நின்றிருக்கிறேன். அவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2022-இல், நான் ஓய்வு பெற்ற பிறகு, அந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிக்கே திருப்பி அனுப்புவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் வகுப்புகள் தொடரும் என்றார்கள். தற்காலிக ஆசிரியர்களை வைத்து நடத்த முடிவானது. மூன்றரை வருடத்துக்குள் இத்தனை திருப்பம். ஒவ்வொரு திருப்பத்தின்போதும் மையத்துக்குள் இருந்த பெண்கள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தங்கள் நிலைமையைத் தெரிந்துகொண்டார்கள்.

இன்னொரு பக்கம் செல்போன். மத்திய அரசின் ஊட்டச்சத்து இயக்கமான ‘போஷன் அபியான்’ 2018 மார்ச் 8-இல் தொடங்கியது. 2021 மார்ச்சில் ‘போஷன் டிராக்கர்’ என்ற செயலி வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு. செயலி வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. எடையைத் தட்டினால் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். எண்பதுகளில் இது இருந்திருந்தால் நான் கும்பிட்டிருப்பேன். ஆனால் செயலியைத் தொடங்கச் சொன்னவர்கள் நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பகலில் நோட்டு, இரவில் சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடியில் செல்போன். என் சர்வீஸ் முழுக்கவே ‘இதைத் தொடங்குக’ என்ற உத்தரவு எத்தனையோ பார்த்தேன். ‘பழையதை இன்றோடு நிறுத்துக’ என்ற உத்தரவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2025 ஜூலையிலிருந்து சத்துமாவு வாங்கும் தாயின் முகத்தைச் செல்போனில் பதிந்து சரிபார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். என்னிடம் வேலை பழகிய ஒருத்தி அழாத குறையாகப் போனில் சொன்னாள்: “அக்கா, ஓ.டி.பி. அவ வீட்டுக்காரன் போனுக்குப் போகுது. அவன் திருப்பூர்ல ஷிஃப்ட்ல இருக்கான். மாசமா இருக்கிற பொண்ணு ரெண்டு தடவை நடந்து வந்துட்டுப் போயிட்டா. அவ என்னையத்தானக்கா திட்டுவா, ஆப்பையா திட்டுவா?” மாவு தவறான கைக்குப் போகக் கூடாது என்ற நோக்கம் சரியே. ஆனால் அந்தத் தாயின் முகத்தை ஐந்து வருடமாகத் தெரிந்தவளிடம், உன் கண்ணை நம்பமாட்டோம் என்று சொல்வதுபோல் அவளுக்குப் படுகிறது. நாற்பதாண்டுக்கு முன்னால் என் போன்றவளை வேலைக்கு எடுத்ததே, அவளுக்கு ஊரின் முகம் தெரியும் என்பதற்காகத்தான்.

படிவம் கொண்டு வந்த பெண் கெட்டிக்காரி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ராபர்ட் கராசெக் என்ற அறிஞர் 1979-லேயே எழுதியதைச் சொன்னாள். ஒரு வேலையில் கேட்கப்படுவது அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கிற உரிமை குறைவாகவும் இருந்தால், அந்த வேலைதான் ஆளை அதிகம் நசுக்கும் என்பது அவர் கருத்தாம். பளு மட்டும் காரணமில்லை. சாவி இல்லாத அந்த இரண்டு மாதத்தில் பாதி வேலை செய்துகொண்டே நான் அழுததற்கு விளக்கம் 35 வருடம் கழித்துக் கிடைத்தது.

நெதர்லாந்தில் நடப்பதையும் சொன்னாள். யோஸ் டி பிளோக் என்ற ஆண் செவிலியர், வீடு வீடாகப் போய்க் கவனிக்கிற வேலையை நிமிடக் கணக்கில் கூறுபோட்டுவிட்டார்களே என்று மனம் நொந்து 2006-இல் ஒரு அமைப்பைத் தொடங்கினாராம். பியூர்ட்சோர்க் என்று பெயர். அக்கம்பக்கத்துப் பராமரிப்பு என்று அர்த்தம். ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கிடையாது. யார் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்று அவர்களே பேசி முடிவு செய்கிறார்கள். இன்று ஆயிரக்கணக்கான செவிலியர்கள் அதில் வேலை செய்கிறார்கள். அந்த நாட்டின் மிகச் சிறந்த பணியிடம் என்ற பெயரைப் பலமுறை வாங்கியிருக்கிறது. பன்னிரண்டு என்றதும் எனக்கு எங்கள் பத்துதான் நினைவுக்கு வந்தது. கொட்டாம்பட்டியில் 1980-களில் நாங்கள் கண்டதை அவர்கள் வேறு வழியில் போய்க் கண்டிருக்கிறார்கள்.

சம்பளத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். எங்களுக்கு முதலில் கிடைத்த பெயரே ‘தன்னார்வத் தொண்டர்’, கிடைத்த பணத்தின் பெயர் ‘மதிப்பூதியம்’. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் வந்தது கொஞ்சம் ஆறுதல். அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25-இல் ஒரு குஜராத் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்தபோது அமைப்பாளர் அக்கா உயிரோடு இல்லை. வேலை கூடும்போதெல்லாம் நாங்கள் அரசு ஊழியர், சம்பளம் பேசும்போது மட்டும் தொண்டர் என்ற நிலை இருக்கும் வரை, எந்தச் சீரமைப்பும் எங்கள் பெண்கள் மனதில் முழுதாக ஒட்டாது.

எங்கள் துறையில் ஓய்வு பெறுவதைப் ‘பணி நிறைவு’ என்பார்கள். எனக்கும் விழா எடுத்தார்கள், மாலை போட்டார்கள். கொரோனா காலம் என்பதால் பத்துப் பேர்தான். பணி நிறைந்தது. பணியில் நிறைவு இருந்ததா என்ற கேள்விக்கு அந்தப் பெண்ணின் படிவத்தில் எண் எதுவும் போடாமல், ‘பத்து மையத்துக்கு ஒருவர் இருந்தவரை இருந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆய்வுக்கு அது பயன்படாமல் போகலாம். உண்மை அதுதான்.

தமிழ்நாட்டில் இன்றைக்கு 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இன்னும் பல மாற்றங்கள் வரும், வரத்தான் வேண்டும். அவற்றை எழுதப் போகிற அதிகாரிகளை ஒரு மூத்த பணியாளராகக் கேட்டுக்கொள்கிறேன். புதியதைத் தொடங்கும் தாளிலேயே பழையது எது நிற்கிறது என்றும் எழுதுங்கள். காலியாகக் கிடக்கும் மேற்பார்வையாளர் இடங்களை முதலில் நிரப்புங்கள், செயலியை அப்புறம் இறக்குங்கள். இரண்டு துறையை ஒரே கூரைக்குள் வைப்பதானால், கூரைக்குள் இருக்கப்போகிற இரண்டு பெண்களையும் முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஏதாவது ஒரு ஒன்றியத்தின் மாதாந்திரக் கூட்டத்துக்கு, முன்னறிவிப்பு இல்லாமல், மேடை ஏறாமல் வாருங்கள். கடைசி வரிசையில் எங்கள் பெண்களுக்கு நடுவில் உட்காருங்கள். அவர்கள் பேசிக்கொள்வதை ஒரு மணி நேரம் கேட்டால் போதும்.